பிள்ளையின் அசைவுக்குக் காவல்: ஒரு கருவி பிறந்த கதை

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மூச்சு விடுவதும் மறந்துபோகும். நோயென்று ஒன்றும் இருக்காது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டு இன்னும் முற்றவில்லை, அவ்வளவுதான். ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் வயிறு திடீரென்று நிற்கும். ஐந்து, பத்து விநாடிகளில் தானாகவே மீண்டும் தொடங்கிவிட்டால் பயமில்லை. 20 விநாடி தாண்டினால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும், உதடு நீலம் பாரிக்கும். 28 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் இதைக் கடந்துதான் வருகிறார்கள்.

இதற்கு முதல் வைத்தியம் ஒரு விரல். தாதி வந்து உள்ளங்காலில் மெல்லச் சுண்டுவார், அல்லது முதுகைத் தடவுவார். பிள்ளை திடுக்கிட்டு மூச்சிழுக்கும். பல வேளைகளில் அதுவே போதும். ஆனால் அந்த விரல் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, பல பிள்ளைகள் கிடக்கும் அறையில், யாருடைய வயிறு நின்றுவிட்டது என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? குழந்தையின் அசைவை உணரும் கருவிகளின் கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் பிள்ளையின் காலில் சலங்கை போடுவது அழகுக்காக மட்டுமில்லை. பிள்ளை விழித்துவிட்டது, தவழ்ந்து வாசற்படி வரை வந்துவிட்டது என்பதை அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அந்தச் சத்தம் சொல்லும். சத்தம் அடங்கினாலும் தாய் எட்டிப் பார்ப்பாள். வைத்தியசாலைக்கும் அப்படியொன்றுதான் வேண்டியிருந்தது. ஆனால் அதைப் போட வேண்டிய பிள்ளை ஒரு கிலோ நிறையும் இல்லாதது. சலங்கை ஒலிக்கும்படி காலை உதைக்கத் தெம்பில்லாதது.

1880இல் பாரிஸ் நகரில் ஸ்தெபான் தார்னியே என்ற மகப்பேற்று வைத்தியர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துக் குறைமாதப் பிள்ளைகளுக்குச் சூடான பெட்டி செய்வித்தார். இன்கியூபேற்றர் அப்படித்தான் வந்தது. குளிரால் செத்த பிள்ளைகள் பலர் பிழைத்தார்கள். ஆனால் அந்தப் பெட்டி சூடு கொடுத்ததே தவிரக் காவல் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகக் காவல் இருந்தது தாதியரின் கண் மட்டுமே.

மாற்றம் வானத்தில் இருந்து வந்தது. 1960களில் அமெரிக்கர் விண்வெளிக்கு ஆளனுப்பத் தொடங்கியபோது, மேலே போனவர் மூச்சு விடுகிறாரா என்பதைத் தரையில் இருந்தே அறிய வேண்டியிருந்தது. நெஞ்சில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, உடம்புக்கு உறைக்காத மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். நெஞ்சு விரியும்போது மின்தடை சற்று மாறும், சுருங்கும்போது திரும்பும். அந்த ஏற்ற இறக்கமே மூச்சு. லெஸ்லி கெடஸ் போன்ற பொறியியலாளர்கள் சீர்செய்த இந்த முறை வெகு விரைவில் பிள்ளைகளின் வார்டுக்கு வந்தது. 1969இல் டெய்லி, குளோஸ், மேயர் என்ற மூன்று வைத்தியர்கள் குறைமாதப் பிள்ளைகளின் மூச்சு நிற்பதைக் கருவி வைத்துத் தொடர்ந்து பதிந்து வெளியிட்ட ஆய்வு, அந்தத் துறையின் அடிக்கற்களில் ஒன்று. இன்கியூபேற்றரின் சூடும் மூச்சு நிற்பதில் பங்கு வகிக்கிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தொடர்பு பிடிபட்டிருக்காது.

அதே 1969இல் இங்கிலாந்தின் லான்செற் சஞ்சிகையில் லூவின் என்பவர் ஒரு மெத்தையைப் பற்றி எழுதினார். காற்று நிரப்பிய மெத்தை. உள்ளே பல அறைகள். பிள்ளை மூச்சு விடும்போது உடற்பாரம் மயிரிழை அளவு அங்குமிங்கும் சாயும். அதற்கேற்ப ஓர் அறையின் காற்று மற்ற அறைக்குப் போகும். போகும் வழியில் சூடாக்கிய ஒரு நுண்ணிய மின்தடை வைக்கப்பட்டிருந்தது. காற்றுப் பட்டதும் அது குளிரும். குளிர்ந்தால் பிள்ளை மூச்சு விடுகிறது என்று பொருள். குளிராமலே இருந்தால் அலாரம் அடிக்கும். பிள்ளையின் உடம்பில் எதையும் ஒட்ட வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய நன்மை. குறைமாதப் பிள்ளையின் தோலைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அது மெழுகுத் தாள் போல இருக்கும். பிளாஸ்ரரைக் கழற்றும்போது தோலும் சேர்ந்தே வந்துவிடும்.

பத்தாண்டுகள் கழித்துப் பின்லாந்தின் துர்க்கு நகரில் யூக்கா அலிஹங்கா, மின்னேற்றத்தின் மாற்றத்தால் அசைவை உணரும் படுக்கையைச் செய்தார். மூச்சு, இதயத் துடிப்பு, புரண்டு படுப்பது மூன்றையும் அந்த ஒரு படுக்கையே எழுதிக் காட்டியது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பிரித்தானிய வைத்தியசாலைகளில் பல காலம் புழங்கிய கிரேஸ்பி எம்.ஆர்.10 என்ற சின்னப் பெட்டி. பிள்ளையின் தொப்புளுக்கு அருகில் ஒரு ரூபாய்க் குற்றி அளவான மெத்தென்ற காற்றுச் சிமிழை ஒட்டுவார்கள். அதிலிருந்து மெல்லிய ரியூப் ஒன்று பெட்டிக்குப் போகும். வயிறு ஏறும்போது சிமிழ் அமுங்கும், ரியூப் வழியாகச் சிறு காற்றழுத்தம் பெட்டியைத் தட்டும், விளக்கு ஒரு தரம் மினுங்கும். மூச்சுக்கு ஒரு மினுக்கம். குறித்த விநாடிகளுக்குள் மினுக்கம் வராவிட்டால் அலாரம். பிள்ளைக்கும் பெட்டிக்கும் நடுவே மின்சாரம் கிடையாது, வெறும் காற்றுத்தான். சுவரில் செருகவும் தேவையில்லை, பற்றரியில் ஓடும். இவ்வளவு எளிய விஞ்ஞானத்தை ஒரு பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்திவிடலாம்.

ஆனாலும் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குருட்டுப் புள்ளி. அவை பார்ப்பது அசைவை. காற்று உள்ளே போகிறதா என்பதை அல்ல. பிள்ளையின் கழுத்து மடிந்து தொண்டை அடைபட்டால், நெஞ்சும் வயிறும் காற்றுக்காக முன்னைவிட வேகமாகத் துடிக்கும். கருவி அதைப் பார்த்துவிட்டு, நன்றாக மூச்சு விடுகிறது என்று பேசாமல் இருக்கும். சில வேளை இதயத்தின் துடிப்பையே மூச்சென்று எண்ணிவிடும். 1974இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி வெளிப்படுத்திய, தோலினூடாக ஒளி பாய்ச்சி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் முறை பிறகு பரவியபோது அந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. அதற்கும் ஒரு வில்லங்கம் இருந்தது. பிள்ளை காலை ஆட்டினால் அளவு குழம்பும். வீண் அலாரம் அடிக்கும். வயிற்றுச் சிமிழுக்கு அசைவுதான் செய்தி, ஒட்சிசன் மானிக்கு அதே அசைவு தொல்லை. கால் ஆடும்போதும் உண்மை அளவைப் பிரித்தெடுக்கும் கணக்கைப் பொறியியலாளர்கள் 1990களில்தான் பிடித்தார்கள். இன்று ஒரு நல்ல குழந்தைப் பராமரிப்புப் பிரிவில் மூச்சசைவு, இதயத் துடிப்பு, ஒட்சிசன் மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இந்தக் கதையில் ஓர் இருண்ட அத்தியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். 1972இல் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகர வைத்தியர் அல்பிரட் ஸ்ரைன்ஷ்னைடர் ஐந்து பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவர்களில் இருவர் ஒரே தாயின் பிள்ளைகள். வைத்தியசாலையில் கருவி வைத்துக் கண்காணிக்கப்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பின் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்கு முன் பிறந்த மூவரும் இறந்திருந்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதே திடீர்ச் சிசு மரணத்துக்குக் காரணம், அது குடும்பத்தில் தொடரும் என்ற கருத்து அந்தக் கட்டுரையால் வேரூன்றியது. அதை நம்பி, சுகதேகியான பிள்ளைகளின் வீடுகளுக்கும் மூச்சு அலாரக் கருவிகள் ஆயிரக்கணக்கில் போயின. பெரும் வணிகம் வளர்ந்தது. 1995இல் நீதிமன்றம் வேறொன்றைச் சொன்னது: அந்தத் தாய் வனீற்றா ஹொய்ற் தன் ஐந்து பிள்ளைகளையும் கொன்றவர் என்று தீர்ப்பாயிற்று.

இதற்கிடையில் திடீர்ச் சிசு மரணத்தைக் குறைத்தது எந்தக் கருவியுமல்ல. பிள்ளையைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற ஒரு வாக்கியம். பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் அந்தப் பிரசாரம் தொடங்கியது. இறப்பு ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. 2003இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், திடீர் மரணத்தைத் தடுப்பதற்கென்று வீட்டில் மூச்சு அலாரக் கருவி வைக்கப் பரிந்துரைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியது. வைத்தியசாலையில் குறைமாதப் பிள்ளைக்கு உயிர் காக்கும் அதே கருவி, வீட்டில் சுகமாகத் தூங்கும் பிள்ளைக்குப் பயன் தந்ததற்குச் சான்றில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் எங்கள் உறவினர் அனுப்பும் பெட்டிகளில் இப்போது மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரியும், காலில் மாட்டும் ஒட்சிசன் காலுறையும் வந்து இறங்குகின்றன. அப்படிக் காலுறை விற்ற ஓவ்லற் கொம்பனிக்கு 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. முறையான அனுமதி பெற அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

மெத்தைக்கு அடியில் வைக்கும் உணரி எங்கள் வீடுகளில் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். அது கெட்டியான, தட்டையான தொட்டிலுக்காகச் செய்யப்பட்டது. எங்கள் பிள்ளை பகலில் ஏணையில் கிடக்கிறது. வளையில் கட்டிய சேலை ஆடிக்கொண்டேயிருக்க, எது மூச்சு, எது ஆட்டம் என்று அந்த உணரி எப்படிப் பிரிக்கும்? இரவில் பிள்ளை தாயோடு ஒரே பாயில். தாயின் மூச்சையும் அது பிள்ளையின் மூச்சாகவே எண்ணும். பக்கத்தில் மின்விசிறி சுழன்றால் அந்த அதிர்வும் சேரும். பிள்ளை மூச்சை நிறுத்தினாலும் கருவி நிம்மதியாகத் தூங்கும். குறைமாதத்தில் பிறந்து வீடு வந்த பிள்ளையை, கழுத்து மடியும்படி ஏணையில் சுருட்டிப் போடுவதைத் தவிர்த்தாலே அந்தக் கருவி தருவதைவிடக் கூடிய பாதுகாப்புக் கிடைக்கும்.

உலகம் இந்தக் கருவிகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு எப்படி இருந்தது? போரால் 1990இல் தெற்கில் இருந்து வந்த மின்சாரம் நின்றது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் இயங்கியது. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு. வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். சுவர் மின்சாரம் தேவைப்படாத எம்.ஆர்.10 போன்ற ஒரு பெட்டி கிடைத்திருந்தாலும் அதற்குள் போடப் பற்றரி இல்லை. அந்த ஆண்டுகளில் குறைமாதப் பிள்ளைக்குக் காவல் தாயின் கையும் தாதியின் கண்ணுமே. எண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் வயிற்றைப் பார்த்திருந்த தாதியரின் பெயர்கள் எந்த மருத்துவ வரலாற்றிலும் வரப்போவதில்லை. இந்தக் கதையில் அவர்களுக்கு இடமுண்டு.

தாயின் கை என்று சும்மா சொல்லவில்லை. 1978இல் கொலம்பியாவின் பொகோற்றா நகரில், இன்கியூபேற்றர் போதாமல் தவித்த வைத்தியர் எட்கார் ரே சனாப்ரியா, குறைமாதப் பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் கட்டிவைக்கத் தொடங்கினார். இன்று கங்காரு பராமரிப்பு என்று இலங்கை வைத்தியசாலைகளிலும் சொல்வது அதைத்தான். ஆனால் வயர்கள் தடுத்தன. நெஞ்சில் மூன்று, காலில் ஒன்று என்று வயரோடு கிடக்கும் பிள்ளையைத் தாய் எப்படித் தூக்குவாள்? 2019இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோன் றோஜர்ஸ் குழு, நெஞ்சில் ஒன்றும் பாதத்தில் ஒன்றுமாக ஒட்டும் இரண்டு மெல்லிய, வயரில்லா உணரிகளை வெளியிட்டது. தோலை உரிக்காமல் கழற்றலாம். உணரிகளோடு சேர்த்தே பிள்ளையைத் தாய் அணைக்கலாம். பிள்ளையைத் தாயிடம் திருப்பித் தந்த முதல் கருவி என்று நான் இதைச் சொல்வேன்.

இதுவரை சொன்னது அசைவு நின்றுவிடுமோ என்ற அச்சத்தின் கதை. இந்தக் கருவி இன்னொரு தரமும் பிறந்தது. அந்தப் பிறப்பு யாழ்ப்பாணத்துக்கு மிகவும் முக்கியம் என்பது என் எண்ணம்.

வியன்னாவில் 1927இல் பிறந்த ஹைன்ஸ் பிரெக்ற்ல் என்ற வைத்தியர் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பல்லாண்டு வேலை செய்தவர். அவர் காலத்து நரம்பியல் வைத்தியர்கள் சிசுவைத் தட்டி, இழுத்து, தூக்கிப் பார்த்துத்தான் சோதித்தார்கள். பிரெக்ற்ல் தொடவில்லை. பிள்ளையைத் தன்பாட்டில் விட்டுவிட்டுப் பார்த்தார். 1980களில் ஸ்கான் கருவி வந்ததும் தாயின் வயிற்றுக்குள்ளும் பார்த்தார். கருவில் ஏழெட்டு வாரத்திலேயே அசைவு தொடங்குகிறது. பிறந்த பின்னும் அதே அசைவு தொடர்கிறது. முழுமாதம் நிறையும் நாளில் இருந்து எண்ணும் முழுமாதக் கணக்கில் ஒன்பதாம் வாரமளவில் அது மாறும். நல்ல பிள்ளையின் கழுத்து, முதுகு, கை, கால் எல்லாம் எல்லாத் திசையிலும் சின்னச் சின்ன வட்டமாக, வேகம் கூடியும் குறைந்தும், ஓயாமல் துறுதுறுவென்று இருக்கும். விழித்திருக்கும்போது வரும், அழும்போது வராது. இருபதாம் வாரமளவில், கை நீட்டிப் பொருளைப் பிடிக்கும் ஆசை வந்ததும் மறையும். 1997இல் லான்செற் சஞ்சிகையில் அவரும் கிறிஸ்ரா ஐன்ஸ்பீலரும் மற்றவர்களும் 130 பிள்ளைகளின் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் துறுதுறுப்பு இல்லாத பிள்ளைகளே பெரும்பாலும் பின்னாளில் பெருமூளை வாதம் போன்ற குறைபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதை 100க்கு 95 அளவு சரியாகப் பிடித்திருந்தார்கள். கருவி என்று பார்த்தால் அவர்களிடம் இருந்தது ஒரு வீடியோ கமரா மட்டுமே.

தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பருவங்களைப் பிரித்ததே அசைவைப் பார்த்துத்தான். ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி, ஓராண்டில் தளர்நடையிட்டு வரும் வருகை. எங்கள் ஆச்சிமாரும் அதே கணக்கில்தான் பார்த்தார்கள். ஆனால் எல்லோரும் பார்த்தது பிள்ளை செய்து காட்டும் வித்தையை. தலை நிமிரவில்லை, தவழவில்லை, நடக்கவில்லை என்று தெரிய வரும்போது ஒன்றரை வயதாகிவிடும். பிரெக்ற்ல் பார்த்தது, இன்னும் ஒரு வித்தையும் கற்காத மூன்று மாதப் பிள்ளை சும்மா கிடந்து நெளிவதை. மூளை மிக வேகமாக வளரும் காலம் அது. அப்போதே தெரிந்தால் பயிற்சியை அப்போதே தொடங்கலாம். 2017இல் அவுஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டல், பெருமூளை வாதத்தை ஆறு மாதத்துக்கு முன்பே நம்பகமாகக் கண்டறிய முடியும் என்று சொன்னது.

ஆனால் பயிற்சி பெற்ற கண்கள் எல்லா ஊரிலும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப மீண்டும் உணரி வந்தது, இந்தத் தரம் மோட்டார் காரில் இருந்து. விபத்தில் காற்றுப்பையை விரிக்க வைப்பதற்காக 1990களின் தொடக்கத்தில் அனலொக் டிவைசஸ் கொம்பனி சிலிக்கனில் செதுக்கிய முடுக்கமானிச் சில்லு, பின்னர் மலிந்து கைத்தொலைபேசிக்குள் வந்தது; அங்கிருந்து பிள்ளையின் கைக்கும் காலுக்கும் வந்தது. ஹெல்சிங்கியில் சம்ப்சா வன்ஹத்தாலோ குழு 2020இல் வெளியிட்ட குழந்தைச் சட்டையில் இரண்டு புயங்களிலும் இரண்டு தொடைகளிலுமாக நான்கு உணரிகள் உள்ளன. பிள்ளை தன்பாட்டில் விளையாட, அது எப்படிக் கிடந்தது, எப்படிப் புரண்டது என்பதைக் கணினி எழுதிக்கொள்கிறது. எங்கள் நாட்டிலும், பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் தாயின் வயிற்றில் கட்டும் முடுக்கமானிப் பட்டி ஒன்றைத் தாங்களே செய்து, கருவிலுள்ள பிள்ளையின் துடிப்பை இனங்காணும் ஆய்வை 2021இல் வெளியிட்டார்கள். பிள்ளை துடிக்குதோ என்று கர்ப்பிணியிடம் கேட்கும் கேள்விக்குக் கருவியின் பதில் அது.

நோர்வேயின் துரோண்ட்ஹைமில் லார்ஸ் அட்டே குழு உணரியையும் கழற்றிவிட்டது. கமராவில் பிடித்த படத்தைக் கணினியே பார்த்து அசைவை அளக்கும். இதில் வேலூர் வைத்தியர்களும் சேர்ந்தார்கள். நிறை மிகக் குறைந்து பிறந்த இந்தியப் பிள்ளைகளிடமும் இந்த அசைவுகள் ஒரு வயதின் வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்கின்றன என்பதை இரு தரப்பும் 2016இல் காட்டின. 2022இல் நோர்வே, பெல்ஜியம், இந்தியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 13 வைத்தியசாலைகளில் 557 பிள்ளைகளின் படங்களைக் கொண்டு செய்த ஆய்வில், கணினி ஏறத்தாழப் பயிற்சி பெற்ற கண்ணுக்குச் சமமாக நின்றது. பெருமூளை வாதம் வரவிருந்த 100 பேரில் 71 பேரைப் பிடிக்கும். மீதிப் பேரைத் தவறவிடும். அந்த மீதியை மறக்கக் கூடாது.

வேலூர் எங்களுக்கு அந்நியமான இடமில்லை. 1820 அளவில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய சிறு மருந்தகமே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. பண்டத்தரிப்பில் இருந்து போன ஒரு மரபு அங்கே குறைமாதப் பிள்ளைகளின் அசைவை ஆராய்கிறது. அதே மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று நூலைத் தமிழாக்கினார். பிள்ளைப்பேற்று விஞ்ஞானத்தைத் தமிழில் தருவது குடாநாட்டுக்குப் பழக்கமான வேலை.

மூச்சின் கதையும் துறுதுறுப்பின் கதையும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. மூச்சு மறக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் கஃபீன் கொடுப்பது வழக்கம். கோப்பியில் உள்ள அதே பொருள். 500 முதல் 1250 கிராம் வரை நிறையுள்ள 2006 பிள்ளைகளிடம் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. மருந்து பெறாதவர்களில் 7.3 வீதமானோருக்குப் பெருமூளை வாதம், பெற்றவர்களில் 4.4 வீதம். மூச்சைக் காத்த மருந்து அசைவையும் காத்தது. குறைமாதப் பிள்ளை உயிரோடு வீடு போனதும் வேலை முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். எங்கள் வைத்தியசாலைகள் பிள்ளையை உயிரோடு அனுப்புவதில் நெடுந்தூரம் வந்துவிட்டன. மூன்றாம் மாதத்தில் அந்தப் பிள்ளை எப்படி அசைகிறது என்பதைப் பார்க்கும் ஒழுங்கே அடுத்த படி.

அதற்கு விலையுயர்ந்த சட்டை வேண்டியதில்லை. இலங்கையில் பிள்ளைகளுக்கு 2, 4, 6 ஆம் மாதங்களில் தடுப்பூசி. ஊசிக்கு வராத பிள்ளை எங்கள் ஊரில் அரிது. முழுமாதத்தில் பிறந்த பிள்ளை 4ஆம் மாத ஊசிக்கு வரும்போது அதற்கு 17 வாரம். துறுதுறுப்புத் தெரியும் காலத்துக்குள். எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளை 6ஆம் மாத ஊசிக்கு வரும்போது முழுமாதக் கணக்கில் 18 வாரம்; அதுவும் உள்ளேதான். பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்ததற்கு அதே நாளில் 14 வாரம். பார்க்க வேண்டிய நாளில் பிள்ளை தானாகவே கிளினிக்குக்கு வருகிறது. ஒரு பாயில் மல்லாக்கப் போட்டு, உடுப்பைக் குறைத்து, விழித்திருக்கும் வேளையில் ஐந்து நிமிடம் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கத் தெரிந்த ஒருவரும், அதைப் பார்க்கப் பயின்ற ஒரு வைத்தியரும் இருந்தால் போதும். அந்தப் பயிற்சிக்குச் சில நாட்களே பிடிக்கும்.

வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர் நம்மிடம் இருக்கிறார். பல பணக்கார நாடுகள் அப்படியொருவருக்கு ஏங்குகின்றன. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் இருக்கிறது. கிளிநொச்சியில் பொறியியல் பீடமும் இருக்கிறது. ஏணைக்கும் பாய்க்கும் ஏற்ற உணரியை எங்கள் பிள்ளைகளுக்காகச் செய்யக்கூடியவர்கள் அவர்கள்தான். வெளிநாட்டில் இருந்து காலுறை வாங்கி அனுப்ப எண்ணும் உறவுகள், அந்தப் பணத்தை ஒரு தாதியின் பயிற்சிக்குக் கொடுத்தால் நூறு பிள்ளைகளுக்கு உதவும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. குறைமாதத்தில் பிறந்தோ, பிறந்ததும் அழாமல் இருந்தோ, விசேட பிரிவில் கிடந்து வந்தோ உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், எதிர்பார்த்த பேற்றுத் திகதியில் இருந்து கணக்கிட்டு மூன்று மாதம் ஆனதும் விழித்திருக்கும் வேளையில் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள். கை காலில் அந்தத் துறுதுறுப்பைக் காணவில்லை, உடம்பு விறைத்தோ துவண்டோ கிடக்கிறது என்று பட்டால், நடக்கும் வயது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே படம் பிடியுங்கள்; அடுத்த கிளினிக் நாளில் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள்.